ஓடியவரைச் சுட்டதற்கு வீரப்பதக்கமா?

2025 செப்டம்பர் கடைசி வாரத்தில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் செயலர் பீட் ஹெக்செத் ஒரு காணொளி வெளியிட்டார். 1890 டிசம்பர் 29 அன்று சவுத் டகோட்டாவில் வூண்டட்நீ ஓடைக்கரையில் துப்பாக்கி பிடித்த படைவீரர்களுக்குக் கொடுத்த மெடல் ஆஃப் ஹானர் பதக்கங்கள் திரும்பப் பெறப்பட மாட்டா. அவர்கள் அந்தப் பெருமைக்கு உரியவர்களே. இதுவே முடிந்த முடிவு, இனிப் பேச ஏதுமில்லை என்றார். அவருக்கு முன் அந்தப் பொறுப்பில் இருந்த லாயிட் ஆஸ்டின் 2024 ஜூலையில் ஒரு குழு அமைத்து, இருபது பேர் அளவில் பெற்ற அந்தப் பதக்கங்களை மறுபடி ஆராயச் சொல்லியிருந்தார். குழுவும் பதக்கங்கள் நிலைக்கட்டும் என்றே பரிந்துரைத்தது என்கிறார் ஹெக்செத். 134 ஆண்டுகளாக நியாயம் கேட்டு நின்ற லகோட்டாப் பழங்குடி மக்களின் முகத்துக்கு நேரே கதவு சாத்தப்பட்டது.

மெடல் ஆஃப் ஹானர் அந்நாட்டின் மிக உயர்ந்த படைவிருது. நாடாளுமன்றத்தின் பெயரால் வழங்கப்படுவது. ஒரு தேசம் தன் பிள்ளைகளுக்கு, "இவனைப் போல் இரு" என்று சுட்டிக்காட்டும் விரல் அது. அந்த விரல் வூண்டட்நீயை நோக்கி நீண்டிருக்கலாமா என்பதுதான் கேள்வி.

கூடாது. அந்தப் பதக்கங்கள் பறிக்கப்பட வேண்டும். ஆயுதம் களைந்தவனையும் ஓடும் பெண்ணையும் சுட்டதை வீரம் என்று எந்த அறநூலும் சொன்னதில்லை. எந்த நாட்டு அரசும் அதை வீரம் என்று எழுதிவைக்க உரிமை பெற்றதில்லை.

அன்று நடந்ததை நினைவுபடுத்திக்கொள்ளாமல் இதைப் பேச முடியாது. 1868-இல் லாரமி கோட்டையில் அமெரிக்க அரசு லகோட்டா மக்களோடு ஓர் ஒப்பந்தம் எழுதியது. இன்றைய சவுத் டகோட்டாவில் மிசௌரி ஆற்றுக்கு மேற்கே உள்ள நிலம் முழுவதும் அவர்களுக்கே, பிறர் நுழைய மாட்டார்கள் என்பது வாக்கு. ஆறே ஆண்டில், 1874-இல், அமெரிக்கப் படைத்தலைவர் கஸ்டரின் படை அந்த நிலத்தின் கருங்குன்றுகளில் தங்கம் இருப்பதைக் கண்டு சொன்னது. 1877-இல் அந்தக் குன்றுகள் போயின. 1889-இல் மிச்ச நிலமும் ஆறு துண்டாகி, 90 லட்சம் ஏக்கர் அளவுக்கு வெள்ளைக் குடியேறிகளுக்குத் திறந்துவிடப்பட்டது. எருமைக் கூட்டங்கள் அழிந்துபோயிருந்தன. அரசு தருவதாகச் சொன்ன மாட்டிறைச்சிப் படியும் குறைந்தது. செங்கோல் ஏந்தியவன் குடிகளின் பொருளைக் கேட்டு நிற்பதை, வேல் ஏந்தி வழிமறிக்கும் கொள்ளைக்காரனோடு ஒப்பிட்டார் வள்ளுவர். மிசௌரிக் கரையில் கோலும் வேலும் ஒரே கையில் இருந்தன.

பசித்த மக்களுக்கு ஒரு நம்பிக்கை தேவைப்பட்டது. நெவாடாவில் பையூட் இனத்து வொவோக்கா என்பவர், ஆடிப் பாடி வழிபட்டால் இறந்தோர் திரும்புவர், எருமைகள் திரும்பும் என்றார். அந்த ஆட்டத்தை அதிகாரிகள் கலகம் என்று எண்ணினார்கள். 1890 டிசம்பர் 15-இல் மூத்த தலைவர் சிட்டிங் புல்லைக் கைது செய்யப் போய், அவருடைய குடிசை வாசலிலேயே கொன்றார்கள். செய்தி கேட்டு அஞ்சிய மினிகோஞ்சு லகோட்டாத் தலைவர் ஸ்பாட்டட் எல்க் தம் கூட்டத்தோடு பைன் ரிட்ஜ் என்ற பழங்குடிப் பகுதியை நோக்கிக் கிளம்பினார். வெள்ளையர் அவரைப் பிக் ஃபுட் என்று அழைத்தார்கள். ஆண்கள் 120 பேர், பெண்களும் குழந்தைகளும் 230 பேர் என்று கணக்குச் சொல்கிறார்கள். தலைவருக்கு நுரையீரல் காய்ச்சல். வண்டியில் படுத்தபடியே வந்தார். டிசம்பர் 28 அன்று குதிரைப்படை எதிர்ப்பட்டபோது அந்த வண்டியில் வெள்ளைக்கொடி கட்டியிருந்தது. எதிர்ப்பின்றி அவர்கள் படையோடு போய், வூண்டட்நீ ஓடையருகே கூடாரம் அடித்தார்கள். நோயாளித் தலைவரின் கூடாரத்துக்கு ஓர் அடுப்பும் கொடுத்தார்கள். அந்த இரவு வரை மனிதத்தன்மை கொஞ்சம் மிச்சமிருந்தது.

விடிந்ததும் கர்னல் ஃபோர்சைத்தின் கீழ் ஏழாவது குதிரைப்படை சுற்றி நின்றது. ஐந்நூறு வீரர்கள். மேட்டின் மேல் நான்கு ஹாட்ச்கிஸ் பீரங்கிகள், குழல்கள் கூடாரங்களைப் பார்த்தபடி. ஆண்களை ஒருபுறம் அமர்த்தி ஆயுதங்களைக் கேட்டு வாங்கினார்கள். கூடாரம் கூடாரமாகப் புகுந்து கத்தியும் கோடரியும்கூட அள்ளிவந்தார்கள். இழுபறியில் ஒரு துப்பாக்கி வெடித்தது. அதை வெடித்தது யார், வேண்டுமென்றா, கைதவறியா என்பதில் இன்றுவரை ஒருமித்த கருத்து இல்லை. அதன்பின் நடந்ததில் ஐயமே இல்லை. சுற்றி நின்றவர்கள் சுட்டார்கள். மேட்டுப் பீரங்கிகள் பெண்களும் குழந்தைகளும் இருந்த கூடாரங்களின் மேல் குண்டு பொழிந்தன. தப்பியவர்கள் பக்கத்து ஓடைப்பள்ளத்தில் இறங்கி ஓடினார்கள். அங்கும் துரத்திச் சுட்டார்கள்.

பைன் ரிட்ஜில் அப்போது சார்ல்ஸ் ஈஸ்ட்மன் என்ற இளம் மருத்துவர் இருந்தார். டகோட்டா இனத்தில் பிறந்து, பாஸ்டனில் மருத்துவம் படித்து, சில வாரங்களுக்கு முன்தான் அங்கே வேலைக்கு வந்திருந்தார். கிறிஸ்துமஸ் முடிந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. தேவாலயத்தில் பச்சைத் தோரணங்கள் இன்னும் தொங்கின. அதன் பெஞ்சுகளைப் பிடுங்கி எறிந்துவிட்டு, தரையில் வைக்கோலைப் பரப்பி, அதன்மேல் காயம்பட்டவர்களைக் கிடத்தி அவர் மருந்திட்டார். பனிப்புயல் அடித்து ஓய்ந்த பிறகு, ஜனவரி முதல் நாள், உயிரோடு யாரேனும் கிடக்கிறார்களா என்று தேடப் புறப்பட்டார். கூடாரங்கள் இருந்த இடத்துக்கு மூன்று மைல் தொலைவிலேயே, பனி மூடிய ஒரு பெண்ணின் உடல் அவர் கண்ணில் பட்டது. அங்கிருந்து வழிநெடுக உடல்கள். வேட்டையாடியது போல் துரத்திக் கொன்றிருக்கிறார்கள் என்று பின்னாளில் தம் நூலில் எழுதினார். சண்டை நடக்கும் இடத்தில் குண்டு குறிதவறலாம். மூன்று மைல் ஓடிவிட்ட பெண்ணைத் தேடிப்போய்த் தைத்த குண்டுக்கு என்ன பெயர்?

ஜனவரி 3-ஆம் தேதி, உறைந்து விறைத்த உடல்களை வண்டியில் ஏற்றிவந்து, பீரங்கி நின்ற அதே மேட்டில் நீளமாகக் குழி வெட்டி, 146 பேரை ஒன்றாகப் புதைத்தார்கள். புதைத்தவர்களுக்குக் கூலி, பிணம் ஒன்றுக்கு இரண்டு டாலர். உறவினர் முன்னமே எடுத்துப்போன உடல்களும், பின்னர் இறந்தவர்களும் அந்தக் கணக்கில் இல்லை. மொத்தம் முந்நூறு பேர் வரை மாண்டிருக்கலாம் என்கிறார்கள். படைத்தரப்பில் அன்றே இருபத்தைந்து பேர் இறந்தார்கள். எதிரெதிரே நின்று சுட்டதால் தம்மவர் குண்டே பட்டு விழுந்தவர்களும் அவர்களில் உண்டு என்பது பலர் கருத்து.

இதற்குத்தான் பதக்கம். அவற்றுள் ஒன்றின் சான்றுரை, ஓடைப்பள்ளத்தில் ஒளிந்திருந்தவர்களை அங்கிருந்து வெளியேற்ற, குண்டு பாய வேண்டிய திசையைக் காட்டி வீரர்களுக்கு உதவினார் என்று புகழ்கிறது. அந்தப் பள்ளத்தில் ஒளிந்திருந்தவர்கள் யார் யார் என்பதை ஈஸ்ட்மன் பார்த்துவிட்டு வந்தார்.

வீரம் எது என்பதைப் போரையே வாழ்வாகக் கொண்ட காலத்துத் தமிழர் நன்றாக யோசித்து வைத்திருக்கிறார்கள். பாண்டியன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியை நெட்டிமையார் பாடும்போது, அவன் போருக்கு முன் செய்த அறிவிப்பைப் புகழ்கிறார். பசுக்கள், அந்தணர், பெண்கள், நோயாளிகள், பிள்ளைப்பேறு இல்லாதவர்கள் எல்லாம் பாதுகாப்பான இடம் சேர்ந்துவிடுங்கள், அம்பு வரப்போகிறது என்று சொல்லிவிட்டுத்தான் வில்லை எடுப்பானாம். வூண்டட்நீயில் பெண்களும் இருந்தார்கள், நோயாளியும் இருந்தார். புறப்பொருள் வெண்பாமாலையில் தழிஞ்சி என்றொரு துறை. தோற்று முதுகு காட்டி ஓடுகிறவன் மேல் வேல் எறியாத பெருமிதத்துக்கே தனியாக ஒரு பெயர் சூட்டிப் போற்றியிருக்கிறார்கள். படைச்செருக்கைப் பற்றிப் பேச வந்த வள்ளுவர், பகைவனோடு மோதுவதை ஆண்மை என்று ஒப்புக்கொண்டு, அந்தப் பகைவனுக்கே ஓர் இடர் வரும்போது கைகொடுப்பதுதான் அந்த ஆண்மையின் கூர்முனை என்றார். கம்பனின் இராமன், தேரும் படையும் முடியும் இழந்து வெறுங்கையனாய் நின்ற இராவணனைக் கொல்லவில்லை, திருப்பி அனுப்பினான். எதிரே நின்றவன் தன் மனைவியைக் கவர்ந்தவன் என்பதை மறந்துவிடக் கூடாது. வெண்ணிப் போரில் கரிகாலனின் வேல் மார்பைத் துளைத்து முதுகில் வெளிப்பட்டபோது, முதுகில் புண் வந்துவிட்டதே என்று நாணி வடக்கிருந்து உயிர்விட்டான் சேரமான் பெருஞ்சேரலாதன். முதுகுப் புண்ணைப் பெற்றவனே அப்படி வெட்கினான் என்றால், முதுகுப் புண்ணைக் கொடுத்தவன் எவ்வளவு வெட்க வேண்டும்!

நடுகல்லையும் இங்கே நினைக்க வேண்டும். கல்லைத் தேர்வதிலிருந்து, நீராட்டி, நட்டு, வாழ்த்துவது வரை ஒவ்வொரு படியையும் தொல்காப்பியம் வகுத்துச் சொல்கிறது. ஊர் ஆநிரையை மீட்கப் போய் மாண்டவனுக்குக் கல் நட்டார்கள். ஊர்ப் பெண்களைக் காக்க நின்றவனுக்கு நட்டார்கள். பதக்கமும் நடுகல்லின் இன்னொரு வடிவம்தான். யாருக்கு நடுகிறோம் என்பதில் நடுகிறவனின் மனம் தெரிந்துவிடும். தகாதவனுக்கு நட்ட கல் அந்த ஊரையே பழிக்கும்.

பழந்தமிழ் நூல்களை வைத்து அமெரிக்கப் படையை அளப்பது பொருந்துமா என்று சிலர் கேட்கலாம். அறம் ஊருக்கு ஊர் மாறுவதில்லை. அப்படியும் ஏற்காதவர்கள் அந்நாட்டுப் படை தனக்குத்தானே வகுத்துக்கொண்ட நெறியைப் பார்க்கட்டும். உள்நாட்டுப் போர் நடந்த 1863-இல், லிங்கன் ஆட்சியில், பிரான்சிஸ் லீபர் எழுதிய நெறித்தொகுப்பைப் படைக்கு ஆணையாகவே கொடுத்தார்கள். ஆயுதமில்லாத குடிமகனின் உயிரைக் காக்க வேண்டும். போரிட முடியாமல் கிடப்பவனைக் கொல்பவனுக்கு மரண தண்டனை வரை உண்டு என்கிறது அது. வூண்டட்நீக்கு இருபத்தேழு ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்டது.

மறுபக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு. இறந்துபோன வீரர்கள் எழுந்து வந்து வாதாட முடியாது. ஒரு காலத்துச் செயலை மற்றொரு காலத்து அளவுகோலால் அளப்பது எளிது. பதக்கம் பெற்ற எல்லோரும் பள்ளத்தில் சுட்டவர்களும் அல்லர். குண்டுமழைக்கு நடுவே காயம்பட்ட தோழரைத் தூக்கிவந்ததற்காகப் பெற்றவர் ஒருவரும் பட்டியலில் இருக்கிறார். அந்தத் தோழமை மெய்யானது. அதற்கு வேறு எந்தச் சிறப்பு வேண்டுமானாலும் செய்யட்டும்.

ஆனால் காலத்தின் அளவுகோல் என்ற வாதம் ஒரு கணமும் நிற்காது. அதைத் தகர்ப்பவர் அன்றைய படைத்தளபதியே. அந்த வட்டாரப் படைகள் அனைத்துக்கும் தலைவராக இருந்த ஜெனரல் நெல்சன் மைல்ஸ், செய்தி கிடைத்ததும் ஃபோர்சைத்தைப் பொறுப்பிலிருந்து நீக்கி விசாரணை வைத்தார். 1891-ஆம் ஆண்டிலேயே அதைப் பெண்கள், குழந்தைகளின் படுகொலை என்று கடிதத்தில் எழுதினார். மேலிடம் ஃபோர்சைத்தை விடுவித்து மறுபடி பதவியில் அமர்த்தியது. மைல்ஸ் மனம் மாறவில்லை. முதுமையிலும், உயிர்தப்பிய லகோட்டா மக்களுக்கு இழப்பீடு கேட்டு அரசிடம் வாதாடினார். அவர் லகோட்டா மக்களின் நண்பரும் அல்லர். பல போர்களில் அவர்களைத் தோற்கடித்தவர். அவருக்கே அது போராகத் தெரியவில்லை. 1891-இன் அளவுகோல் இது.

கொடுத்த பதக்கத்தை எப்படித் திருப்பிக் கேட்பது என்கிறார்கள். கேட்டிருக்கிறார்கள். 1916-இல் ஓய்வுபெற்ற ஐந்து தளபதிகளைக் கொண்ட குழு ஒன்று பதக்கப் பட்டியல் முழுவதையும் அலசியது. அதன்படி 1917-இல் 911 பெயர்கள் நீக்கப்பட்டன. அவற்றில் 864 ஒரே படைப்பிரிவுக்குரியவை; மெய்ன் மாநிலத்தின் 27-ஆம் படையினர், பணிக்காலம் முடிந்தும் தலைநகரில் தங்கிக் காவல் இருக்கச் சம்மதித்ததற்குப் பெற்றவை. லிங்கனின் இறுதி ஊர்வலத்துக்குக் காவல் நின்ற 29 பேரின் பதக்கங்களும் போயின. போர்முனையில் காயம்பட்டோருக்கு மருத்துவம் செய்த மேரி வாக்கர் என்ற பெண்மணியின் பதக்கத்தையும் எடுத்தார்கள். அதை 1977-இல் திருப்பித் தந்தார்கள். காவல் நின்றது போதாது என்று பறித்த கை, பள்ளத்தில் சுட்டதைத் தொடவில்லை. அந்தக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் யார் தெரியுமா? இதே நெல்சன் மைல்ஸ். படுகொலை என்று தாமே எழுதியவர் முன்னால் அந்தப் பெயர்கள் வந்துபோயிருக்கின்றன, அவை அப்படியே இருந்துவிட்டன. நல்லவர்களும் கடைசி அடியில் தயங்கிவிடுகிறார்கள். அந்தத் தயக்கத்தின் கடனைத்தான் பின்வந்த தலைமுறை அடைக்க வேண்டும்.

வூண்டட்நீ ஒன்றே தனித்து நிகழ்ந்ததென்றால்கூட மன்னிப்புக் கேட்டுக் கடந்துபோகலாம். அது ஒரு நெடிய சங்கிலியின் கடைசிக் கண்ணி. 1637-இல் கனெக்டிகட்டின் மிஸ்டிக் ஆற்றருகே பீக்வாட் மக்களின் கோட்டையைக் குடியேறிகள் தீயிட்டு, நூற்றுக்கணக்கானவரை எரித்தார்கள். பெரும்பாலோர் பெண்கள், முதியோர், குழந்தைகள். கொலராடோவின் சாண்ட் கிரீக்கில் 1864 நவம்பர் 29 அன்று, அமெரிக்கக் கொடியையே ஏற்றி வைத்துக்கொண்டு அமைதியாக இருந்த ஷையன், அரப்பாஹோ மக்களைக் கர்னல் ஷிவிங்டனின் படை வெட்டிச் சாய்த்தது. மேற்கே மேற்கே என்று நகர்ந்த எல்லைக்கோட்டில் இப்படி எத்தனையோ ஊர்கள்.

சாண்ட் கிரீக்கில்தான் உண்மையான வீரன் ஒருவன் இருந்தான். கேப்டன் சைலஸ் சூல். சுடு என்று உத்தரவு வந்தது. அவன் தன் பிரிவைச் சுட விடவில்லை. சுற்றிலும் ஆயிரம் கண்கள் வெறியில் சிவந்திருந்தபோது தன் ஆட்களை அசையாமல் நிறுத்திவைத்தான். பிறகு நடந்ததையெல்லாம் மேலதிகாரிக்குக் கடிதமாக எழுதினான். விசாரணையில் சாட்சி சொன்னான். சொன்ன சில வாரங்களில், 1865 ஏப்ரலில், டென்வர் தெருவில் சுட்டுக் கொல்லப்பட்டான். திருமணமாகி மாதம் கூட நிறையவில்லை. ஷிவிங்டனை எந்த நீதிமன்றமும் தண்டிக்கவில்லை. சூலின் கழுத்தில் எந்தப் பதக்கமும் ஏறவில்லை.

முடிந்த முடிவு என்ற சொல்லுக்கு வருவோம். ஆள்பவர்கள் அடிக்கடி சொல்லும் சொல் இது. கண்ணகி சிலம்பை உடைத்து மாணிக்கப் பரலைக் காட்டியபோது பாண்டியன் நெடுஞ்செழியன் அப்படிச் சொல்லியிருக்கலாம். தீர்ப்பு கொடுத்தாயிற்று, கோவலன் இறந்தாயிற்று, இனி என்ன என்று கேட்டிருக்கலாம். தன் தவறு தெரிந்த கணமே அவன் தன்னைக் கள்வன் என்று சொல்லிக்கொண்டு, அரியணையிலிருந்து விழுந்து உயிர்நீத்தான். அதனால்தான் தவறிழைத்த அவனையும் இளங்கோவடிகள் இழிவாகப் பாடவில்லை. கன்றின் மேல் தேர் ஏற்றியவன் தன் ஒரே மகன் என்று அறிந்தும் மனுநீதிச் சோழன் பின்வாங்கவில்லை. அமெரிக்காவிடம் யாரும் மகனைக் கேட்கவில்லை, உயிரைக் கேட்கவில்லை. ஒரு பட்டியலில் சுமார் இருபது பெயர்களின் மேல் ஒரு கோடு கேட்கிறார்கள். 1990-இல், நூறாண்டு நிறைவின்போது, அந்நாட்டு நாடாளுமன்றம் ஆழ்ந்த வருத்தம் தெரிவித்துத் தீர்மானம் போட்டது. வருத்தமும் பதக்கமும் ஒரே வீட்டில் எப்படி இருக்கும்? வருத்தம் மெய்யென்றால் பதக்கம் பொய். பதக்கம் மெய்யென்றால் அந்த வருத்தம் வெறும் காகிதம்.

படுகொலை நடந்து நான்காம் நாள், செத்துக் கிடந்த தாயின் உடலுக்கு அடியிலிருந்து ஒரு பெண்குழந்தையை உயிரோடு எடுத்தார்கள். அதன் தலையில் தோல்குல்லாய். அதில் மணிகளைக் கோத்து யாரோ அமெரிக்கக் கொடிகளைத் தைத்திருந்தார்கள். மக்கள் அவளைத் தொலைந்த பறவை என்று பொருள்படும் பெயரால் அழைத்தார்கள். லியோனார்ட் கோல்பி என்ற படைத்தலைவர் அவளைத் தத்தெடுத்துக் கொண்டுபோனார். தன் மக்களிடமும் வெள்ளையரிடமும் ஒட்ட முடியாமல் அலைந்து, இருபத்தொன்பது வயதில், 1920-இல், கலிபோர்னியாவில் நோயில் இறந்தாள். லகோட்டா மக்கள் 1991-இல் அவளுடைய எச்சங்களை எடுத்துவந்து, வூண்டட்நீ மேட்டில் அந்த நீண்ட குழியின் அருகே மறுபடி புதைத்தார்கள். அந்த மண்ணே தனியார் கையில் இருந்தது. 2022-இல் ஓக்லாலா, ஷையன் ரிவர் பழங்குடி அரசுகள் இரண்டும் சேர்ந்து ஐந்து லட்சம் டாலருக்கு நாற்பது ஏக்கரை விலைக்கு வாங்க ஒப்புக்கொண்டன. தம் முன்னோரின் இரத்தம் விழுந்த நிலத்துக்குத் தாமே விலை கொடுக்க வேண்டியிருந்தது.

களங்கத்தைத் துடைக்கும் சட்டம் என்ற பெயரில் ஒரு மசோதா 2019 முதல் அந்நாட்டு நாடாளுமன்றத்தின் முன் திரும்பத் திரும்ப வைக்கப்படுகிறது. அது கேட்பது பதக்கங்களை நீக்குவதை மட்டுமே. ஒரு செயலர் காணொளியில் சொன்னதை இறுதியாக எடுத்துக்கொள்ளாமல், அந்நாட்டு மக்களின் பிரதிநிதிகள் அதை எடுத்து நிறைவேற்றட்டும்.